கோப்பையில் இல்லாத பெயர்

நான் படித்த உயர்நிலைப் பள்ளி, காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு அதன் நூற்றாண்டு விழா நடைபெற்றது. சிறந்த முன்னாள் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மேடையில் பாராட்டுவதென்று முடிவாயிற்று. தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். மருத்துவர்கள், பொறியாளர்கள், மாவட்ட ஆட்சியராக இருந்தவர், வங்கி அதிகாரிகள், தொழிலதிபர்கள் என 22 பேரின் பட்டியலைத் தயாரித்தோம். பொருளியல் பேராசிரியர் என்ற தகுதியில் என் பெயரும் அதில் இடம்பெற்றது.

விழா முடிந்து தலைமை ஆசிரியர் அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். என்னுடன் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த நண்பர் ஒருவர் அங்கிருந்த கண்ணாடி அலமாரியின் முன் நின்றிருந்தார். 1975-ஆம் ஆண்டு 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதலாவதாக வந்து, மாநிலப் போட்டி வரை சென்றவர் அவர். எங்கள் காலத்தில் அப்பள்ளியிலிருந்து அவ்வளவு தொலைவு சென்றவர் வேறு எவருமில்லை. படிப்பு முடிந்ததும் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். அலமாரியில் கறுத்துப் போயிருந்த கோப்பைகளுள் ஒன்றைக் காட்டி, 'இது நான் வாங்கினதுப்பா' என்றார்.

அந்தக் கோப்பையில் போட்டியின் பெயரும் ஆண்டும் பள்ளியின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. ஓடி வென்றவரின் பெயர் இல்லை. அதே அறையின் சுவரிலோ, ஆண்டுதோறும் பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவர்களின் பெயர்கள், மதிப்பெண்களுடன் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. நண்பர் குறையேதும் சொல்லவில்லை. குழுவில் இருந்த எங்கள் எவருக்கும் அவர் பெயர் நினைவுக்கே வரவில்லை என்பதை நானும் அவரிடம் சொல்லவில்லை.

இதை இப்போது எழுதத் தூண்டியது ஒரு நல்ல செய்தி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. மகளிர் அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும், ஆடவர் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இடம்பெற்றிருந்தனர். இருவருக்கும் தலா ரூ.25 லட்சம் வழங்கித் தமிழக அரசு சிறப்பித்தது. தகுதியானவர்களுக்குக் கிடைத்த தகுதியான பாராட்டு அது. ஆனால், அந்தச் செய்தியைப் படித்தபோது வேறொரு கேள்வியும் எழுந்தது. இவர்களுக்கு முன்பு இதே போன்ற மைதானங்களில் ஆடி, மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ நின்றுபோனவர்களை நாம் என்ன செய்தோம்?

தமிழகத்தில் பள்ளி விளையாட்டு என்பது ஒரு நீண்ட ஏணி. குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்ட அளவில் தொடங்கி, வருவாய் மாவட்டத்தைக் கடந்து மாநிலத்தை எட்டுகின்றன. அதற்கு மேல், 1954-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். வேலை வாழ்க்கையில் ஒருவர் அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார்; விளையாட்டு வாழ்க்கையில் நம் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் பதினேழு வயதில் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். அந்த ஓய்வுக்குப் பிரிவுபசார விழா கிடையாது.

எல்லோரும் உச்சியை எட்ட முடியாது. எட்டியவரைத்தானே போற்ற முடியும் என்று கேட்கலாம். பொருளியல் படித்தவன் என்ற முறையில் அதற்கு ஒரு விடை சொல்ல முடியும். வால்டர் நீல் என்ற அமெரிக்கப் பொருளியலர் 1964-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், விளையாட்டு ஏனைய தொழில்களைப் போன்றதன்று என்று காட்டினார். ஒரு வணிகர் தம் போட்டியாளர் கடையை மூடிவிட்டால் மகிழலாம். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் அப்படி மகிழ முடியாது. வலுவான எதிராளி இல்லாவிட்டால் அவருக்குப் பெயரும் இல்லை, வருவாயும் இல்லை. விளையாட்டில் எதிராளியும் சேர்ந்துதான் ஆட்டத்தை உற்பத்தி செய்கிறார் என்பதே நீல் கூறியதன் சாரம்.

பள்ளி மைதானத்துக்கும் இது பொருந்தும். மாநிலத்தில் முதலாவதாக வரும் மாணவியைத் தினமும் மாலையில் விரட்டிக்கொண்டு ஓடிய இரண்டாம், மூன்றாம் மாணவிகள் இல்லையென்றால் அவருடைய வேகம் கூடியிருக்காது. கபடியில் பிடிபடும் பயிற்சி இல்லாமல் தப்பிக்கும் பயிற்சி இல்லை. ஆயினும், பரிசு என்று வரும்போது முழுத் தொகையும் முழுப் புகழும் ஏணியின் உச்சிப் படிக்கே போகின்றன. கூட்டாக உற்பத்தியான ஒன்றின் பலன் ஒருவர் கணக்கில் மட்டுமே வரவு வைக்கப்படுகிறது. பணத்தை எல்லோருக்கும் பகிர்ந்தளிக்க அரசால் இயலாது. அப்படிக் கேட்பதும் நியாயமன்று. ஆனால், நினைவைப் பகிர்ந்தளிக்க இயலும். அதற்கான இடம் தலைமைச் செயலகம் அன்று, அந்தந்தப் பள்ளிதான்.

அமெரிக்காவில் இது நீண்டகால வழக்கம். அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் ஆண்டுக்கு 80 லட்சம் பேர் என்ற அளவில் பங்கேற்கிறார்கள். பத்தில் ஒருவர்கூட கல்லூரி அணியை எட்டுவதில்லை. ஆயினும், ஏராளமான பள்ளிகள் தங்கள் முன்னாள் வீரர்களுக்கெனப் 'புகழ்க்கூடம்' ஒன்றை வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அது உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் நடைவழியில் உள்ள ஒரு சுவர்தான். கால்பந்து, கூடைப்பந்து, மல்யுத்தம், நீச்சல், ஓட்டம் எனப் பல விளையாட்டுகளில் அப்பள்ளிக்காக ஆடிச் சிறந்தவர்களின் படமும் சாதனையும் அங்கே இருக்கும். படிப்பை முடித்துக் குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்த பின்னரே பெயர் பரிசீலிக்கப்பட வேண்டும் என்ற விதியைப் பல பள்ளிகள் வைத்துள்ளன. பயிற்றுநர்களும் அந்தச் சுவரில் இடம்பெறுகிறார்கள். பள்ளி விளையாட்டுக்கென்றே ஒரு தேசியப் புகழ்க்கூடம் 1982-இல் உருவாக்கப்பட்டது. கூடைப்பந்து மேதை மைக்கேல் ஜோர்டானுக்கு இத்தகைய சுவர் தேவையில்லை. உலகமே அவரை அறியும். அந்தச் சுவர்கள் பயன்படுவது, பின்னாளில் குழாய் பழுதுபார்ப்பவராகவோ செவிலியராகவோ ஆகிவிட்ட பழைய வீரர்களுக்குத்தான்.

அந்த வழக்கத்திலும் குறை உண்டு. பள்ளிக் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'ஒன்பதாம் தலைப்பு' சட்டம் அங்கு 1972-இல் வந்தது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவியர் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் அதிகம். வாய்ப்பே தரப்படாத தலைமுறையைச் சேர்ந்த பெண்களின் பெயர்கள் எந்தச் சுவரிலும் வர வழியில்லை. ஒரு காலம் யாருக்கு மைதானத்தைத் திறந்துவிட்டதோ, அவர்களையே அக்காலத்தின் பட்டியல் காட்டும். நாம் தொடங்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக மாதம் ரூ.6,000 ஓய்வூதியம் வழங்கும் திட்டம் இருக்கிறது. அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு 2002 முதல் தயான்சந்த் பெயரில் வாழ்நாள் சாதனை விருது வழங்கி வந்தது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால், இவை தேசிய, சர்வதேசப் படிகளில் நின்றவர்களையே பெரிதும் நோக்குகின்றன. விண்ணப்பத்துடன் சான்றிதழையும் கேட்கின்றன. கூரை ஒழுகும் வீட்டில் ஐம்பது ஆண்டுகளாக ஒரு காகிதத்தைக் காப்பது எளிதன்று. என் நண்பரின் சான்றிதழ் கரையானுக்கு இரையாகி நெடுங்காலமாயிற்று. அப்படி இழந்தவர் கேட்டால் எடுத்துக் கொடுக்கப் பள்ளியிலும் பதிவு இல்லை. மதிப்பெண் பதிவேட்டைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் நாம், விளையாட்டுப் பதிவேட்டைப் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டோம்.

பெயர்ப்பலகை வெறும் அலங்காரமா என்ற ஐயம் எழலாம். அதன் பயன் பெரும்பாலும் பழைய வீரருக்கன்று. இப்போது படிக்கும் பிள்ளைக்கும் அப்பிள்ளையின் பெற்றோருக்கும்தான். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். 'ஓடி என்ன ஆகப்போகிறது?' என்று அவர்கள் கேட்பது அறியாமையால் அன்று. விடை சொல்லத் தகவல் இல்லாததால். கோடிகளில் பரிசு பெறும் ஒருவரையும், எவர் நினைவிலும் இல்லாத ஆயிரம் பேரையும் மட்டுமே அவர்கள் காண்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள் கண்ணில் படுவதில்லை. விளையாடியதால் காவல்துறையில் சேர்ந்தவர், உடற்கல்வி ஆசிரியரானவர், வேறு தொழிலுக்குப் போயும் நன்றாக வாழ்பவர் ஆகியோரின் பெயர்கள் பள்ளிச் சுவரில் இருந்தால் அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும். கோவில்பட்டியில் ஹாக்கியும் வடுவூரில் கபடியும் தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்கு, முன்பு ஆடியவர்கள் ஊராரின் கண்முன் மதிப்போடு நடமாடுவது முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அந்த மதிப்பு இயல்பாக அமையாத ஊர்களில், பள்ளி அதை உருவாக்கித் தர வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒவ்வொரு பள்ளியும் முதலில் ஒரு விளையாட்டுப் பதிவேட்டைத் தொடங்கட்டும். பழைய ஆண்டு மலர்கள், குழுப் படங்கள், முன்னாள் மாணவர்களின் வாய்மொழி ஆகியவற்றைக் கொண்டு விடுபட்டதை நிரப்பலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடமிருக்கிறது. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 முதல் அவர்களைப் பள்ளியோடு இணைத்து வருகிறது. கட்டடத்துக்கு நன்கொடை கேட்கும் அதே கடிதத்தில் நினைவையும் நன்கொடையாகக் கேட்கலாம்.

அடுத்து, மதிப்பெண் பலகைக்குப் பக்கத்தில் விளையாட்டுக்கு ஒரு பலகை. அதற்குச் சில விதிகள் வேண்டும். கிரிக்கெட்டும் கால்பந்தும் இடத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளாமல் கபடி, கோ கோ, எறிபந்து, சிலம்பம், சதுரங்கம், தடகளம் என எல்லாவற்றுக்கும் பங்கு இருக்க வேண்டும். குழு விளையாட்டென்றால் தலைவர் பெயர் மட்டுமல்ல, அணி முழுவதும் இடம்பெற வேண்டும். மாணவியருக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் உரிய இடம் விதியிலேயே உறுதி செய்யப்பட வேண்டும். பள்ளியை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆன பின்னரே பெயர் சேர்க்கப்பட வேண்டும். அணியை உருவாக்கிய உடற்கல்வி ஆசிரியரின் பெயரும் அருகில் இருக்க வேண்டும். ஆண்டு விளையாட்டு விழாவில் கொடியேற்றப் பதவியில் இருப்பவரை அழைப்பதற்குப் பதிலாக, பலகையில் உள்ளவர்களுள் ஒருவரை அழைக்கலாம். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, வண்ணமும் பலகையுமாகச் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது.

மறுப்புகள் வரும் என்பதை அறிவேன். நன்கொடையாளர் பிள்ளையின் பெயரும் ஊர்ப் பெரியவரின் உறவினர் பெயரும் நுழைந்துவிடும் என்பார்கள். அந்த ஆபத்து உண்மையானது. போட்டி, ஆண்டு, பெற்ற இடம் ஆகிய மூன்றும் உறுதிப்படாத எந்தப் பெயரையும் எழுதுவதில்லை என்ற விதியே அதற்குக் காவல். பசித்தவருக்குப் பலகை சோறு போடுமா என்றும் கேட்பார்கள். போடாது. ஓய்வூதியத்துக்கு மாற்றாக யாரேனும் பாராட்டை முன்வைத்தால் நானே எதிர்ப்பேன். ஆனால், ஓய்வூதியம் கேட்டு வருபவரிடம் 'நீ யார்?' என்று கேட்கும் அலுவலகத்துக்கு, பள்ளியின் பதிவேடு ஒரு விடையாக இருக்க முடியும்.

எங்கள் பள்ளிக்கு இதை வலியுறுத்திக் கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் பெயராக நண்பரின் பெயரைப் பரிந்துரைத்தேன். ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. நான் மேலே சொன்ன விதிப்படியும் அது சரியான கேள்விதான். அவரைப் பயிற்றுவித்த ஆசிரியர் இன்று இல்லை. அந்த ஓட்டத்தை நேரில் பார்த்தவர்களுள் எனக்குத் தெரிந்து மூவர் இருக்கிறோம். மூவரும் எழுத்துமூலம் சாட்சி சொல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். மூவருக்கும் வயது அறுபத்தைந்தை ஒட்டிவிட்டது. ஒவ்வோர் ஊரிலும் இப்படிச் சிலர் மிச்சமிருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே பதிவேட்டைத் திறந்துவிட வேண்டும்.