‘நல்’ என்பது பூச்சியம் அன்று

சி மொழி வகுப்புகளில் ஒரு வாக்கியம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குத் தொடர்ந்து கைமாறி வருகிறது: ‘நல் என்றால் பூச்சியம்.’ தேர்வுக்கு இது போதும், நிரலுக்குப் போதாது. பூச்சியம் என்னும் எண், எதையும் சுட்டாத சுட்டி, இன்னும் மதிப்பே இடப்படாத நினைவிடம் ஆகிய மூன்றையும் இவ்வாக்கியம் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. (தமிழில் ‘நல்’ என்பது நன்மை குறித்த அடிச்சொல் என்பது வேடிக்கையான தற்செயல்.)

மூன்றாவதில்தான் கேடு மிகுதி. செயற்கூறு ஒன்றனுள் அறிவிக்கப்படும் சுட்டிக்குத் தொடக்க மதிப்பு தராவிடில், அதனுள் இருப்பது வெறுமை அன்று. அவ்விடத்தை முன்பு பயன்படுத்திய ஏதோவொன்றின் எச்சமாக இருக்கலாம். முந்தைய வகுப்பின் எழுத்து அழிக்கப்படாத கரும்பலகைக்கு அதனை ஒப்பிடலாம். ‘மாலக்’ தரும் நினைவகமும் அத்தகையதே. ‘நல்தானா என்று சோதித்த பின்னரே பயன்படுத்துகிறோம்’ என்னும் வாதம் இங்கே செல்லாது. எச்சம் நல்லாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சோதனையை எளிதில் கடந்துவிடும்.

மாணவரை ஏமாற்றுவது வேறொன்று. ஒரு நிரலின் தரவு மற்றொன்றுக்குக் கசியாதிருக்க, லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் புதிய நினைவகப் பக்கங்களைப் பூச்சியமாக்கியே வழங்குகின்றன. ஆதலால் சிறு பயிற்சி நிரல் பிழையை உள்ளே வைத்துக்கொண்டே ஒழுங்காக ஓடும், மதிப்பெண்ணும் கிடைக்கும். விடுவிக்கப்பட்ட நினைவகம் மீண்டும் மீண்டும் வழங்கப்படும் பெரிய நிரலில்தான் குட்டு வெளிப்படும். செயற்கூறுகளுக்கு வெளியே அறிவிக்கப்படும் சுட்டிகளுக்கோ தரநிலையே நல் மதிப்பை உறுதிசெய்கிறது. ஒரே தோற்றமுடைய அறிவிப்பு, நிற்கும் இடத்தால் வேறுபடுகிறது.

நல் இதற்கு நேர்மாறு. ‘மரம் விழுந்தது’ என்பதில் வேற்றுமை உருபு இல்லை; அவ்வின்மையே எழுவாயைக் காட்டுகிறது. உருபு சிதைந்துபோன சுவடியின் இடைவெளியோடு அதனை யாரும் குழப்புவதில்லை. நல்லும் இலக்கணம் அறிந்து ஏற்ற இன்மை. நிரலில் சுட்டிக்கு 0 என எழுதினால், அது அந்தக் கணினியின் நல் வடிவமாகவே மொழிமாற்றப்படும். அவ்வடிவத்தின் பிட்டுகள் அனைத்தும் பூச்சியமாக இருக்க வேண்டும் என்று சி தரநிலை கூறவில்லை. பிரைம் 50 வரிசைக் கணினிகளில் பூச்சியமல்லாத நல் வழக்கில் இருந்தது. ‘காலக்’ பிட்டுகளைத்தான் பூச்சியமாக்குகிறது, நல்லை எழுதுவதில்லை. இன்றைய கணினிகளில் இரண்டும் பொருந்திவருவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்குவோர் 2009இல் லினக்ஸ் கருவகத்தின் ‘டன்’ இயக்கியில் கண்டறியப்பட்ட பிழையை நினைவுகொள்ள வேண்டும். அங்கே ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அதன் பின்னரே அது நல்லா என்று சோதித்திருந்தனர். நல்லைப் பின்தொடர்வது மொழியில் வரையறையற்ற செயல்; எனவே ‘இது நல்லாக இருக்க முடியாது’ என முடிவுகட்டிய ஜிசிசி, சோதனையையே நீக்கிவிட்டது. காவலாக எழுதிய வரி இயங்கு நிரலில் இல்லாமற்போயிற்று. அவ்வோட்டையின் வழியே கருவகத்தின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது.

எல்லாச் சுட்டிகளுக்கும் அறிவித்தவுடன் நல் இட்டுவிடுக என்பது பலரும் தரும் மருந்து. எச்சத்தைவிட நல் மேலானதே. தவறாகத் தொட்டால் நிரல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆயினும் உரிய மதிப்பை இட மறந்ததைக் கண்டறியும் கருவிகளின் வாயையும் அது அடைத்துவிடுகிறது. ஒரு மதிப்பு உண்மையிலேயே ‘இல்லை’ என்றால் மட்டும் நல் இடுவதும், பிறவற்றை உரிய மதிப்பு கிடைக்கும் இடத்திலேயே அறிவிப்பதும் நேர்மையான வழக்கம்.

தமிழ்ப் பாடநூல் எழுதுவோர்க்கு இங்கே ஒரு பொறுப்பு உண்டு. ‘வெற்று’ என்னும் ஒரே அடைமொழியை மூன்றுக்கும் ஒட்டுதல் ஆகாது. நல்லுக்கு ‘வெற்றுச் சுட்டி’ பொருந்தும். மற்றது ‘மதிப்பிடாச் சுட்டி’ ஆகட்டும். சி23 தரநிலையே நல்லுக்கெனத் தனிச்சொல்லைச் சேர்த்து, அதனை எண்ணிலிருந்து பிரித்துவிட்டது. ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மதிப்பிடாச் சுட்டியுள்ள நிரலை முதலில் வழக்கம்போலவும் பின்னர் வால்கிரைண்டின் கீழும் இயக்கிக் காட்டினால், முதல் முறை அமைதியாக ஓடிய நிரலே இரண்டாம் முறை எந்த வரியில் பொய் சொன்னது என்பதை மாணவர் தாமே படிப்பர்.