நாலு செயற்கைக்கோள் இருந்தால்தான் 'நாவிக்' இடம் சொல்லும்... கையில் இருந்ததும் நாலுதான்! என்ன சிக்கல்?

2025 ஜனவரி 29, காலை 6.23 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து புறப்பட்ட 100வது ராக்கெட் என்பதால் அன்றைக்கு ஏகப்பட்ட கொண்டாட்டம். ஜிஎஸ்எல்வி-எஃப்15 ராக்கெட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால், அது சுமந்து சென்ற என்விஎஸ்-02 செயற்கைக்கோளில் ஒரு வால்வு திறக்கவில்லை. அதனால் இன்ஜினை இயக்க முடியாமல், போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகாமல் பாதி வழியிலேயே தங்கிவிட்டது.

ஒரு செயற்கைக்கோள்தானே, போனா போகுதுன்னு தோணலாம். இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. காரணம் புரிய வேண்டும் என்றால், நம்ம போன் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று முதலில் பார்க்கணும்.

வானத்தில் ஒரு சங்கு

பலர் நினைப்பது போல செயற்கைக்கோள் மேலே இருந்து நம்மைப் பார்ப்பதில்லை. போனும் அதற்கு எதையும் அனுப்புவதில்லை. செயற்கைக்கோள் செய்வது ஒரே வேலைதான். "நான் இங்கே இருக்கேன், இப்போ மணி இத்தனை" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் அதைக் கேட்கும், அவ்வளவுதான். இதற்கு இன்டர்நெட்கூட வேண்டாம். டவர் கிடைக்காத நடுக்கடலில் ஜிபிஎஸ் கருவி வேலை செய்வது இதனால்தான்.

நம்ம ஊர்களில் நகராட்சி அலுவலகத்தில் சங்கு ஊதுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாக 12 மணிக்கு ஊதும் சங்கு, உங்கள் காதில் 3 விநாடி கழித்து விழுகிறது என்றால், சங்கில் இருந்து நீங்கள் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள். இன்னும் இரண்டு இடங்களில் உள்ள சங்குகளையும் கேட்டால், மூன்று தூரங்களை வைத்து எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் மூன்று போதுமே, நாலாவது எதற்கு?

உங்கள் கைக்கடிகாரமே ஒரு விநாடி தப்பாக ஓடினால் என்ன ஆகும்? மூன்று தூரத்திலும் 340 மீட்டர் பிசகு வரும். செயற்கைக்கோள் விஷயத்தில் வருவது ஒலி இல்லை, ஒளியின் வேகத்தில் பாயும் ரேடியோ அலை. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினாலே 300 மீட்டர் பிசகும். நம்ம போனில் இருக்கும் சாதாரண கடிகாரத்துக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. அந்தக் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நாலாவது செயற்கைக்கோள். மேப்பில் தெரியும் அந்த நீலப் புள்ளி, உண்மையில் நேரத்தை வைத்துப் போட்ட ஒரு கணக்கு.

போன் கடிகாரம் தப்பலாம், செயற்கைக்கோளின் கடிகாரம் தப்பவே கூடாது. அதனால்தான் அதில் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள். ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியல் விளைவையும் விட்டுவிட முடியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் பூமியில் இருப்பதைவிட ஒரு நாளைக்கு சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். இதைச் சரிசெய்யாமல் விட்டால், தூரக் கணக்கில் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும்!

கடிகாரம் நின்ற கதை

நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, 2013 ஜூலையில் ஏவப்பட்டது. அதில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் செயலிழந்துவிட்டதாக 2017 தொடக்கத்தில் செய்தி வந்தது. வெளிநாட்டில் வாங்கியவை அவை. ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பிலும் அதே காலகட்டத்தில் கடிகாரங்கள் பழுதாயின. ஆனால் அவர்களிடம் செயற்கைக்கோள்கள் அதிகம், சமாளித்துவிட்டார்கள்.

1ஏ-வுக்கு மாற்றாக 2017 ஆகஸ்ட்டில் அனுப்பிய 1எச்-சுக்கும் நேரம் சரியில்லை. ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2023 மே மாதம் சென்ற என்விஎஸ்-01ல்தான் முதன்முதலாக இந்தியாவிலேயே தயாரித்த அணுக் கடிகாரம் பொருத்தப்பட்டது. அதன் அடுத்த தம்பிதான் வால்வில் மாட்டிக்கொண்ட என்விஎஸ்-02.

2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு கொடுத்த கணக்கைப் பாருங்கள். ஏவியது 11. அதில் இரண்டு சரியான பாதையை அடையவில்லை. ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது. நான்கு, குறுஞ்செய்தி ஒலிபரப்ப மட்டும் பயன்படுகின்றன. இடமும் நேரமும் சொல்பவை மீதி நான்குதான். அந்த நான்கில் ஒன்றான 1பி, 2014ல் போனது. 10 ஆண்டு ஆயுள் என்று திட்டமிட்டு அனுப்பியது, அதையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

நாவிக்கின் மொத்தத் திட்டமே ஏழு செயற்கைக்கோள்கள்தான். ஜிபிஎஸ் மாதிரி உலகம் முழுக்க இல்லாமல், இந்தியாவையும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் மட்டும் பார்த்துக்கொள்ளும் அமைப்பு என்பதால் ஏழே போதும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் ஏழு நாலாகிவிட்டால், ஸ்டெப்னி இல்லாமல் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது மாதிரிதான். இன்னும் ஒன்று நின்றாலும் நாவிக்கை மட்டும் வைத்து இடம் சொல்ல முடியாது.

நமக்கு என்ன பாதிப்பு?

உங்கள் போன் மேப் நின்றுவிடுமா? நிற்காது. அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், கலிலியோ, சீனாவின் பெய்டோ என்று பல அமைப்புகளின் சிக்னலை இன்றைய போன்கள் சேர்த்தே வாங்குகின்றன. ராமேஸ்வரம் படகுகளில் எல்லைக் கோடு எங்கே என்று பார்க்க வைத்திருக்கும் கருவிக்கும் அமெரிக்க ஜிபிஎஸ்தான் ஆதாரம்.

கவலையே அதுதான். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. சுமார் 100 மீட்டர் வரை தப்பும். கொடுப்பவர் நினைத்தால் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ராணுவத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

கடிகார வேலை இல்லாத அந்த நான்கு செயற்கைக்கோள்களையும் வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் போனது நினைவிருக்கும். கரையில் இருந்து வெகுதூரம் போன படகுக்கு எச்சரிக்கை அனுப்ப இந்த ஒருவழிக் குறுஞ்செய்தி உதவும்.

என்விஎஸ்-03 செயற்கைக்கோளை 2025 இறுதிக்குள் அனுப்புவோம், அடுத்த இரண்டும் ஆறு ஆறு மாத இடைவெளியில் போகும் என்று அதே பதிலில் அரசு சொல்லியிருந்தது. அந்த ஆண்டு முடியும்வரை என்விஎஸ்-03 ஏவப்படவில்லை.