மீன்பாடி வண்டிக்கு ஏன் நம்பர் பிளேட் இல்லை? பழைய ஸ்கூட்டர் இன்ஜினில் சிக்கிய சட்டம்

முன்னால் ஐஸ் பெட்டி, பின்னால் ஓட்டுபவர், கூடவே டபடபவென்று ஒரு புகை. மீன்பாடி வண்டியைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. தெற்கே ஈசிஆர் வழியாக கோவளம், மாமல்லபுரம் பக்கம் போனாலும் கண்ணில் படும். செங்கல்பட்டு வண்டிகளுக்கு உரிய டிஎன் 19 நம்பரோ, வேறு எந்த நம்பரோ அதில் இருக்காது. (இந்தப் 'பாடி', ஊர்ப் பெயரில் வரும் பாடி இல்லை. லாரிக்கு பாடி கட்டுறதுன்னு சொல்வோமே, அது.)

எப்படி உருவாகிறது?

அடிப்படை, காலால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி. அதன் பின்சக்கரத்தோடு பழைய ஸ்கூட்டர் அல்லது பைக் இன்ஜினை பட்டறையில் வெல்டிங் வைத்துச் சேர்த்துவிடுவார்கள். காயலான் கடையில் எடைக்குப் போயிருக்க வேண்டிய இன்ஜின், இங்கே இரண்டாவது ஆயுள் வாழ்கிறது.

பழைய ஸ்கூட்டர் இன்ஜின் இதற்குப் பொருந்துவதில் ஒரு விஷயம் இருக்கிறது. பைக் இன்ஜின் எதிர்க்காற்றில்தான் சூடு தணியும். பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும் வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? ஸ்கூட்டர் இன்ஜினுக்குள்ளேயே ஒரு ஃபேன் சுழல்வதால், ஊர்ந்து போனாலும் அது தாங்கும்.

ஆனால் வேகம் கூடிய அளவுக்கு பிரேக் கூடவில்லை. மிதிவண்டிக்காகச் செய்த சட்டமும் பிரேக்கும்தான் இன்ஜின் வேகத்தையும் பாரத்தையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். முன்னால் பெட்டி உயர்ந்தால் ஓட்டுபவருக்குச் சாலையும் சரியாகத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, பதிவு இல்லாத மோட்டார் வாகனம் பொதுச் சாலையில் ஓடக் கூடாது. பதிவுக்கு ஒரு தயாரிப்பாளரும், அங்கீகரிக்கப்பட்ட மாடலும் வேண்டும். பட்டறையில் பிறந்த வண்டிக்கு இரண்டும் கிடையாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பதிவு இல்லையென்றால் இன்சூரன்ஸும் இல்லை. அசல் பிரச்னையே இதுதான். வண்டி யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு கொடுக்கக் கம்பெனி எதுவும் கிடையாது. ஓட்டியவரும் வண்டிக்காரரும்தான் கொடுக்க வேண்டும். மீன் கூடையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தால் லட்சக்கணக்கில் எங்கிருந்து கொடுக்க முடியும்? தீர்ப்பு வந்தாலும் அடிபட்டவருக்குப் பணம் வந்து சேர்வது கஷ்டம்.

வடக்கே என்ன நடந்தது?

தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினை வைத்து ஓடும் 'ஜுகாட்' வண்டிகள் வட மாநிலங்களில் பிரபலம். அவையும் மோட்டார் வாகனங்களே, சட்டம் பொருந்தும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் பஞ்சாபில் பைக் இன்ஜின் ரெஹ்ரிகளுக்குத் தடை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. தடை, எதிர்ப்பு, மௌனம் என்ற இந்தச் சுற்று நமக்கும் புதுசு இல்லை.

ஒரு முன்னுதாரணம் மட்டும் வேறு மாதிரி போனது. 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இ-ரிக்‌ஷாக்களைத் தடை செய்தது. மத்திய அரசு விதியைத் திருத்தி, 2015-ல் சட்டத்திலேயே இ-ரிக்‌ஷா, இ-கார்ட் என்று தனி வகை கொண்டுவந்தது. வேக வரம்பு, பாரம், லைசென்ஸ் எல்லாம் வரையறை ஆயின. ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குச் சட்டத்தில் இடம் தேட முடியும் என்பதற்கு அது சாட்சி. மீன்பாடி வண்டிக்கு அப்படி யாரும் இதுவரை இடம் தேடவில்லை.

அப்படியென்றால் இ-கார்ட் வாங்கிக்கொள்ளலாமே? வாங்கலாம். விதிப்படி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், சரக்கு 310 கிலோ. மீனும் ஐஸும் ஏற்றிய பிறகு அந்த 310-க்குள் அடங்க வேண்டும். பழைய இன்ஜின் விலையில் புது பேட்டரியும் கிடைக்க வேண்டும்.