ஊரைக் காண மகிழுந்து வேண்டுமா?

செங்கல்பட்டில் பதினொன்றாம் வகுப்பில் பல்லவர் கலை குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்தை நேரில் கண்டவர்கள் கையுயர்த்துங்கள் என்றபோது ஒருசில கைகளே உயர்ந்தன. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரை ஏன் காணவில்லை என வினவினேன். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டில் கார் இல்லை, வாடகைக்கு எடுக்கவும் வசதி இல்லை" என்றாள். பள்ளிக்கு வரும் வழியில் அவள் நாள்தோறும் கடந்துவரும் பேருந்து நிலையத்திலிருந்தே மாமல்லபுரத்துக்கும் பேருந்து புறப்படுகிறது. அது தனக்கும் உரிய வழி என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

சுற்றுலா என்றாலே மகிழுந்து என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இது பணச்செலவை மட்டும் கூட்டுவதன்று. ஊர்தி இல்லாதவரைத் தம் மண்ணின் செல்வத்திலிருந்தே விலக்கி வைப்பது. இவ்வெண்ணம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

வழியும் ஒரு பாடம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி 1931ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியது. இன்று புறநகர்த் தொடர்வண்டிகள் செங்கல்பட்டு வரை வருகின்றன. நிலையத்தை நெருங்கும்போது கொளவாய் ஏரி சன்னலோரம் விரிகிறது. மாமல்லபுரத்துக்கு இருப்புப்பாதை இல்லை. எனினும் செங்கல்பட்டில் பேருந்து ஏறினால், வேதகிரீசுவரர் மலைக்கோயில் விளங்கும் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரையை அடையலாம்.

1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற இவ்வூரின் சிற்பங்கள் நடந்து காண்பதற்கே ஏற்றவை. அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், வெண்ணெய் உருண்டைப் பாறை ஆகியன அருகருகே உள்ளன. அங்கிருந்து சிறிது நடந்தால் கடற்கரைக் கோயில். தெற்கே சற்றுத் தொலைவில் ஐந்து இரதங்கள். நடப்பவர் காதில் மட்டுமே இன்றைய சிற்பக் கூடங்களின் உளியோசை விழும்.

பிற நாட்டிலும் இதுவே

பழம்பெருமை வாய்ந்த பெருநகரங்களும் இவ்வுண்மையை உணர்ந்துள்ளன. இத்தாலியின் ரோம் நகரைக் காணச் செல்வோர் மகிழுந்தை வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கொலோசியம் நிற்கிறது. குறுகிய தெருக்கள் நிறைந்த பழைய நகர்ப்பகுதிக்குள், குறிப்பிட்ட நேரங்களில், அனுமதி பெறாத ஊர்திகள் நுழைய இயலாது. நடந்தும் பேருந்திலும் டிராமிலும் மக்கள் சுற்றி வருகின்றனர்.

குறைகளும் கடமையும்

பேருந்துப் பயணத்தில் குறைகள் இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. விடுமுறை நாள்களில் நெரிசல் மிகுதி. முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உயர்ந்த படிகள் பெருந்தடை. நடைபாதையில் ஊர்திகள் நின்றால் நடப்பவர் சாலைக்கு இறங்க நேர்கிறது. இவை பொதுப்போக்குவரத்தைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. அதனைச் செம்மைப்படுத்தக் கோருவதற்கான காரணங்கள். ஒரு பேருந்தில் செல்லும் ஐம்பது பேரும் நால்வர்க்கு ஒன்றாக மகிழுந்தில் சென்றால் பதின்மூன்று மகிழுந்துகள் தேவைப்படும். அவற்றை நிறுத்தவே இடம் போதாது. பிறகு நடப்பதற்கு இடம் ஏது? தாழ்தளப் பேருந்துகளும், நிழல் தரும் நடைபாதைகளும், நேர அட்டவணைப் பலகைகளும் வேண்டுமென நாம் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை, பயன்படுத்துவோர்க்கே வலுவாக அமையும்.

அடுத்த திங்கட்கிழமை அம்மாணவி என்னிடம் வந்தாள். "ஐயா, அம்மா, பாட்டியுடன் பேருந்திலேயே போய்வந்தோம். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் சிற்பத்தைவிட்டுப் பாட்டி நகரவே இல்லை. கன்றை நக்கும் பசுவைக் காட்டி, 'செதுக்கினவன் மாடு வளர்த்தவன்' என்றார்" எனக் கூறினாள். நூல்கள் பல கற்ற எனக்குத் தோன்றாத கருத்து அது. மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியோரையும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பேருந்து நிலையம் அருகில்தான் உள்ளது.