சிற்றுறுப்பும் பேரிடரும்

நான் தமிழாசிரியன், துப்பாக்கி ஏந்தியறியேன். ஆயினும், அண்மையில் அமெரிக்க நாட்டில் எழுந்த வழக்கொன்று என் கருத்தைக் கவர்ந்தது. 2025ஆம் ஆண்டு யூலைத் திங்களில் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளமொன்றில், எம்-18 என்னுங் கைத்துப்பாக்கியின் குண்டுபட்டு வீரரொருவர் மாண்டார். அது தானே வெடித்ததென்ற பேச்சு எழவே, அப்படைப்பிரிவு அவ்வகைத் துப்பாக்கியின் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. அடுத்த திங்களில் வேறொரு வீரர் கைதுசெய்யப்பட்டார். படைப்பிரிவும் தன்னிடமிருந்த ஏறத்தாழ 8,000 துப்பாக்கிகளைச் சோதித்தபின், அவற்றை மீண்டும் கையாளத் தொடங்கிற்று.

பழி கருவியை விட்டு மனிதனிடஞ் சென்றது. ஆகவே ஆராய்ச்சி முடிந்ததென்பார் பலர். நான் அவ்வாறு கருதேன். அதே சோதனையில் 191 துப்பாக்கிகள் குறையுடையனவாகக் காணப்பட்டன. அக்குறைகளுட் பெரும்பாலானவை உறுப்புத் தேய்மானமே.

கைத்துப்பாக்கியின் உறுதி யாண்டுளது? ஒவ்வொரு ரவை வெடிக்கும்போதும் மேலுள்ள உருக்குக்கூடு பின்னோக்கிப் பாய்கின்றது. சுருள்வில் அதனை மீட்டுத் தள்ளுகின்றது. எனவே குழாய்க்கு முன்னரே வில்லும் பூட்டும் ஊசியும் தளர்தல் இயல்பு. 1911ஆம் ஆண்டுச் சோதனையிற் கோல்ற் துப்பாக்கி 6,000 ரவைகளைப் பழுதின்றிச் சுட்டது; சூடேறியபோது அதனை நீரில் தோய்த்தனர். 1985இல் அதன் இடத்தைப் பெரெற்றா பெற்றது. ஆனால், 1987, 1988ஆம் ஆண்டுகளிற் சிலவற்றின் மேற்கூடு முறிந்து, பின்பகுதி சுடுவோர் முகத்தைத் தாக்கியது. அதனைத் தடுத்தது யாது? சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலையைச் சற்றுப் பெருப்பித்தமையே. ஈராக்கின் மணலில் அத்துப்பாக்கி இடர்ப்பட்டபோதும், ரவைக்கூட்டின் சொரசொரப்பான பூச்சே பெரிதுங் குற்றஞ்சாட்டப்பட்டது.

எம்-18 எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்தச் சிக் சௌவர் பி-320 வகையும் இதற்கு விலக்கன்று. 2017இல், அது ஒரு குறித்த கோணத்தில் நிலத்தில் விழுந்தால் வெடித்தல் கூடுமெனத் தெரியவந்தது. விசையின் பாரமே அதற்கு ஏதுவாயிற்று. பாரங்குறைந்த விசையைப் பொருத்திக் குறை நீக்கினர். விசையை அழுத்தாமல் இத்துப்பாக்கி வெடியாதென்று அந்நிறுவனம் இன்றும் வாதிக்கின்றது. எதிர்வாதஞ் செய்வோர் நீதிமன்றங்களில் நிற்கின்றனர். அதனைத் தீர்ப்பது என் பணியன்று.

நான் கூறவிழைவது ஒன்றே. உறுதி என்பது ஒருமுறை சோதித்து என்றைக்குமாகப் பெற்றுக்கொள்ளும் சான்றிதழன்று. சுட்ட ரவைகளை எண்ணுதல், வில்லைக் காலந்தோறும் மாற்றுதல், ஊசியைக் கழற்றிப் பார்த்தல் ஆகிய சலிப்பூட்டும் பணிகளாலேயே அது நாடோறும் புதுப்பிக்கப்படுகின்றது. அச்சாணியைப் பாராத தேர்ப்பாகன், தேரின் அழகைப் புகழ்ந்து பயனென்? அந்த வீரரின் சாவுக்குத் துப்பாக்கி காரணமன்று என்றே கொள்வோம். எனினும், குறையுடைய 191 துப்பாக்கிகளும் அதுவரை காவலர் இடையிற் றொங்கிக்கொண்டிருந்தனவன்றோ? அவற்றைத் தேடிக் காண்பதற்கு ஓர் உயிர் போகவேண்டியிருந்தது.