கத்துகிற மெஷினும் கணக்கில் வராத செலவும்

பி.காம். படித்தவர்களுக்கு எஃப்.டபிள்யூ. டெய்லரைத் தெரியாமல் இருக்காது. மேனேஜ்மெண்ட் பாடத்தில் ஸ்டாப்வாட்சும் கையுமாக வருவாரே, அவரேதான். 1907ல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று உலோகம் வெட்டுவதைப் பற்றியது. மெஷினிஸ்ட் சந்திக்கிற பிரச்சினைகளில் சுலபத்தில் பிடிபடாதது 'சாட்டர்' என்கிற டூல் அதிர்வுதான் என்று அதில் ஒத்துக்கொண்டிருக்கிறார். (இது மட்டும் பரீட்சைக்கு வராது!)

நூறு வருஷம் தாண்டியும் அந்தச் சத்தம் ஓயவில்லை. தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துப் பட்டறைகளானாலும் சரி, திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டானாலும் சரி, சி.என்.சி. மில்லிங்கில் ஸ்டீல் ஓடும்போது திடீரென்று ஒரு அலறல். ஜாப் மேல் வரிவரியாகத் தடம். உடனே வரும் வைத்தியம் ஒன்றுதான்: "தம்பி, ஃபீடைக் குறைச்சு ஓட்டு."

பெரும்பாலும் இது தப்பான வைத்தியம். எண்ட் மில்லின் ஒரு பல் அதிர்ந்துகொண்டே வெட்டும்போது ஸ்டீலில் ஒரு அலையை விட்டுச் செல்கிறது. அடுத்த பல் அந்த அலையின் மேலேயே வெட்டுகிறது. மேட்டில் சிப் தடிமன், பள்ளத்தில் மெலிசு. அந்த ஏற்ற இறக்கமே டூலை இன்னும் ஆட்டுகிறது. ஃபீடைக் குறைத்தால் இந்தச் சங்கிலி அறுவது அபூர்வம். ரொம்பக் குறைத்தால் முனை வெட்டாமல் உரச ஆரம்பிக்கும். சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

முதலில் பார்க்க வேண்டியது, டூல் ஹோல்டருக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை. வளைவு, நீளத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். 75 மி.மீ. நீண்டிருப்பதை 60 ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காசு செலவே இல்லை, கோலெட்டைக் கழற்றி மாட்டினால் போதும்.

அடுத்தது ஆர்பிஎம். இதைக் கூட்டினாலும்கூட சத்தம் நிற்கலாம் என்பதை நம்ப நிறையப் பேருக்கு மனசு வருவதில்லை. போனில் சத்தத்தின் அலைவரிசையைக் காட்டும் ஆப் இருக்கிறது. அலறல் 800 ஹெர்ட்ஸ், டூலுக்கு 4 பல் என்றால், 800ஐ 60ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 12,000. அதை 3ஆல், 4ஆல் வகுத்தால் 4,000, 3,000. அந்த வேகங்களில் பல் விழுவதும் டூல் ஆடுவதும் ஒத்துப்போய் அலறல் அடங்க வாய்ப்பு அதிகம். வேகத்தை டூல் கம்பெனி சொன்ன எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணிதான் வம்பு. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பட்டறையில் செட்டிங் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. ஒரு உதாரணத்துக்கு, 8 நிமிஷ ஜாப் ஃபீடைக் குறைத்ததால் 11 நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பீஸுக்கு 600 நிமிஷம், அதாவது 10 மணி நேரம் போச்சு. மெஷின் மணிக்கு 500 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். செட்டிங்குக்கு ஆகியிருக்கக்கூடியது 250. ஆனால் உடைந்த டூலுக்கு பில் வரும், மெதுவாக ஓடிய மெஷினுக்கு பில் வராது. அதனால் முதலாளி கண்ணில் படுவது டூல் மட்டும்தான். திட்டு ஆபரேட்டருக்கு!

பழி முழுக்கப் பட்டறைக்கும் இல்லை. ஆழமான பள்ளத்தின் மூலையில் 5 மி.மீ. ரேடியஸ் என்று டிராயிங்கில் போட்டுவிட்டால், 10 மி.மீ.க்கு மேல் டூல் நுழையாது. நீளத்தையும் குறைக்க முடியாது. அதையே 6 என்று மாற்றினால் 12 மி.மீ. டூல் போகும். விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல். நிறைய பாகங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரால் எதுவும் கெட்டுவிடாது. கேட்டால் கஸ்டமர் மாற்றித் தரவும் கூடும். ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் கேட்பதில்லை. கொட்டேஷனிலேயே செட்டிங் நேரத்தைத் தனி வரியாக எழுதுகிற பட்டறைக்கு, அந்தப் பேச்சை எடுக்க ஒரு சாக்காவது கிடைக்கும்.