எல்லாத்துக்கும் பூச்சின்னு ஒரே பேர் வெச்சா எப்படிங்க?

குழந்தை தூக்கத்துல பல்லைக் கடிச்சா பூச்சி. முகத்துல வெள்ளையா தேமல் விழுந்தா பூச்சி. வெல்லம் அதிகமா தின்னாலும் பூச்சி வரும்னு மிரட்டல். எங்க குண்டனி நாட்டுலயும் சரி, நீங்க இருக்கிற டவுன்லயும் சரி, இந்தப் பேச்சு மட்டும் மாறவே இல்லைங்க. இதையெல்லாம் வெச்சு வயித்துல புழு இருக்குன்னு முடிவு கட்ட முடியாது. இனிப்பு தின்னு புழு வராது. முட்டையோ குட்டிப்புழுவோ உடம்புக்குள்ள போனாத்தான் வரும்.

என் கருத்து இதுதான். எல்லாத்துக்கும் பூச்சின்னு ஒரே பேர் வெச்சதால, அரிக்கிற புழுவைப் பிடிச்சுடறோம், ரத்தம் குடிக்கிற புழுவை விட்டுடறோம்.

கீரிப்பூச்சி தானா காட்டிக் கொடுத்துடும். பெண் புழு ராத்திரியில ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டை வைக்கும், குழந்தை சொறிஞ்சுக்கிட்டே தூங்காம கிடக்கும். இதுக்கு மலப் பரிசோதனை அவ்வளவா உதவாது. காலையில எழுந்ததும், கழுவுறதுக்கு முன்னாடி, செலோ டேப்பை அந்த இடத்துல ஒட்டி எடுத்து லேப்ல காட்டினா முட்டை தெரியும். உருண்டைப்புழு மண்புழு மாதிரி நீளமா சில சமயம் மலத்தோட வெளியே வரும். நாடாப்புழு துண்டு துண்டா விழும். இதெல்லாம் கண்ணுல படுற சமாச்சாரம்.

கொக்கிப்புழு அப்படி இல்லைங்க. ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். குடல்ல பல்லைப் பதிச்சு வருஷக்கணக்கா ரத்தம் குடிக்கும், வெளியே வந்து முகம் காட்டாது. ஈர மண்ணுல வெறுங்காலோட நடக்கிறப்ப குட்டிப்புழு தோல் வழியா உள்ள ஏறிடும். மிளகுக் கொடிக்கும் காபிச் செடிக்கும் நடுவுல, நிழலும் ஈரமுமா இருக்கிற எங்க மண்ணு அதுக்குத் தோதான இடம். நூறு புழு இருந்தா ஒரு நாளைக்கு 3 மில்லி ரத்தமாவது போகும். ஆளு வெளுத்துப் போவாரு, மேடு ஏறினா மூச்சு வாங்கும், சில பேருக்கு மண்ணு திங்கக்கூடத் தோணும். நாங்க என்ன சொல்லுவோம்? "வயசாயிடுச்சு, உழைச்ச உடம்பு."

எங்களைப் போலவே மலையாளி சனங்க வாழற ஜவ்வாது மலையிலும், திமிரி பக்கத்து ஊர்கள்லயும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காரங்க 2017-18இல் 6,089 பேரோட மலத்தைச் சோதிச்சாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தா ஐந்துல ஒருத்தருக்குக் கொக்கிப்புழு. பெரும்பாலானவங்களுக்கு லேசாத்தான் இருந்தது. ஆனா வயசு கூடக் கூட அதிகமா இருந்துச்சு.

நம்ம நாட்டுல 2015இல் தொடங்கின தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டம் 1 முதல் 19 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு. தமிழ்நாட்டுல 20 முதல் 30 வயசு பெண்களையும் சேர்த்திருக்காங்க. நல்ல திட்டம், குறை சொல்லலை. ஆனா நாத்து நடற ஐம்பது வயசு அம்மாவுக்கும், கிழங்கு தோண்டற ஐயாவுக்கும் அந்த அல்பெண்டசோல் மாத்திரையை யாரும் தேடி வந்து கொடுக்கிறதில்லை.

அதனால பெரியவங்க வெளுத்திருந்தா வெறும் சத்து டானிக்கோட நிறுத்தாதீங்க. ரத்தப் பரிசோதனையோட மலப் பரிசோதனையும் கேளுங்க. மலத்தைத் தாமதிக்காம லேப்ல சேர்க்கணும், நேரமானா கொக்கிப்புழு முட்டை கெட்டுப்போய்த் தெரியாது. லேசா இருந்தா ஒரு தடவையில சிக்காமலும் போகும், வேற வேற நாள்ல ரெண்டு மூணு தடவை கொடுக்கிறது நல்லது.

இனி நாய் வளர்க்கிறவங்களுக்கு. தாய்நாய்கிட்ட இருந்தே குட்டிக்குப் புழு வந்துடும், அதனால பிறந்த ரெண்டாவது வாரமே மருந்து ஆரம்பிக்கச் சொல்வாங்க. வயிறு உப்பி, முடி மினுக்கம் இல்லாம இருந்தா சந்தேகப்படுங்க. ஈறு வெளுத்து, மலம் கறுப்பா போனா கொக்கிப்புழுவா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. வாலடியில அரிசி மாதிரி ஒட்டியிருந்தா அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்கி வருது, மருந்தோட அந்தப் பூச்சியையும் ஒழிக்கணும்.

நாயோட உருண்டைப்புழு மனுசன் உடம்புக்குள்ள போனா முழுசா வளராது. குட்டிப்புழுவாவே ஈரல், கண்ணுன்னு சுத்தும். அதை மலத்துல தேடினா கிடைக்காது, ரத்தத்துலதான் தேடணும். நாயைத் தொட்டாலே வந்துடும்னு பயப்பட வேண்டாம். முட்டை மண்ணுல சில வாரம் கிடந்த பிறகுதான் தொத்தும். அதுக்கு முன்னாடி மலத்தை அள்ளிப் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

நீங்க டவுன்ல இருந்தாலும் உங்க அம்மா, அப்பா பாதிப் பேருக்கு இன்னும் ஊர்லதான் இருப்பாங்க. அடுத்த தடவை போறப்ப அவங்க கீழ் இமையை இழுத்து ஒரு பார்வை பாருங்க. வெளுத்திருந்தா மலப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. போறப்ப ஒரு ஜோடி நல்ல செருப்பும் வாங்கிட்டுப் போங்க.